செம்மண் கொல்லையில் கரிமப் பொருள்: அது எதனால் ஆனது, எங்கிருந்து வருகிறது, எப்படிப் பெருக்குவது

வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் பக்கத்து மானாவாரிக் கொல்லைகளுக்கு வழங்கப்பட்ட மண்வள அட்டைகள் பலவற்றில் ‘அங்ககக் கரிமம்’ (உயிர்ப்பொருளிலிருந்து வந்த கார்பன்) என்ற இடத்தில் 0.3, 0.4 போன்ற எண்ணும், அதன் எதிரே ‘குறைவு’ என்ற சொல்லும் இருக்கும். 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75க்கு மேலே இருந்தால் அதிகம், இடைப்பட்டது நடுத்தரம் என்பது நம் நாட்டு ஆய்வுக்கூடங்கள் பின்பற்றும் வரையறை. ஏக்கருக்கு ஐந்து டன் தொழு உரம் இட வேண்டும் என்ற பரிந்துரையும் அட்டையோடு வரும். பரிந்துரையில் பிழையில்லை. ஆயினும் ஆண்டுதோறும் எரு அடித்த கொல்லையிலும் அந்த எண் அசையாமல் நிற்பதைப் பலர் கண்டிருக்கிறார்கள். மண்ணுக்குள் போன எரு என்னவாக மாறுகிறது, எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்தால்தான் அதன் காரணம் விளங்கும். எந்த வேலைக்குக் கூலி கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பதும் அப்போதுதான் தெளிவாகும்.

மண் மாதிரி எடுத்தல்

மாதிரி பிழையானால் அதற்குப் பின் போடும் கணக்கெல்லாம் வீண் என்பதால், இந்த வேலையைக் கூலியாளிடம் விட்டுவிடாமல் நிலத்துக்குரியவரே செய்வது நல்லது. அறுவடை முடிந்து அடுத்த எரு இடுவதற்கு முன் உள்ள இடைவெளி இதற்கு ஏற்ற காலம். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம், ஆட்டுக்கிடை மடக்கிய இடம், மடைவாய் ஆகியவற்றை விலக்கி, ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடங்களைக் குறுக்கும் நெடுக்குமாகத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் மேலே கிடக்கும் சருகையும் தாளையும் ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் ‘வி’ வடிவத்தில் அரையடி ஆழத்துக்குக் குழி வெட்டி, குழியின் ஒரு பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து அடிவரை ஒரே கனத்தில் ஒரு சீவல் மண்ணை எடுக்க வேண்டும். அடியில் குறுகி மேலே அகன்ற சீவலாக இருந்தால் மேல்மண்ணின் பங்கு கூடிவிடும். கரிமம் மேலேதான் அதிகம் என்பதால் முடிவும் உயர்ந்து காட்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்குகளை நீக்கி, மீதியை மறுபடியும் அவ்வாறே குறைத்து, அரைக் கிலோ அளவுக்குக் கொண்டுவந்து நிழலில் உலர்த்த வேண்டும். விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேளாண்மைத் துறையின் மண் ஆய்வுக்கூடத்திலோ இதற்கான வழியைக் கேட்டுக்கொள்ளலாம்.

அட்டையில் உள்ள எண் எப்படிக் கிடைக்கிறது

பெரும்பாலான ஆய்வுக்கூடங்கள் பின்பற்றுவது 1934இல் வாக்லி, பிளாக் என்ற இருவர் வெளியிட்ட முறையை. பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலையும் அடர் கந்தக அமிலத்தையும் மண்ணோடு சேர்க்கும்போது எழும் வெப்பத்தில் மண்ணிலுள்ள கரிமம் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. செலவாகாமல் மிஞ்சிய டைகுரோமேட்டைத் தரம்பார்த்து (டைட்ரேஷன் முறையில் அளந்து), செலவானது எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். வெளியிலிருந்து சூடேற்றாத இம்முறையில் சராசரியாக 77 விழுக்காடு கரிமமே எரிகிறது என்பதால், கிடைத்த விடையை 1.3ஆல் பெருக்குவது வழக்கம்.

நம் பகுதிக்கென்று இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மண்ணில் குளோரைடு உப்பு மிகுந்திருந்தால் அதுவும் டைகுரோமேட்டைத் தின்றுவிடும். அதனால் கரிமம் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவால் உப்பேறிய நிலங்களின் மாதிரியைக் கொடுப்பவர்கள், அதை ஆய்வுக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தால், வெள்ளி சல்ஃபேட் சேர்த்து அப்பிழையை நீக்க முடியும். இரண்டாவது, கரும்புச் சோகையைப் பலமுறை கொளுத்திய நிலத்தில் உள்ள கரித்துகள். அடுக்கடுக்கான பென்சீன் வளையங்களாக இறுகிப்போன இந்தக் கரியை டைகுரோமேட் முழுதாக எரிப்பதில்லை. ஆகவே அதன் ஒரு பகுதி கணக்கில் வராமலே போகும்.

கிடைத்த எண் தனிக் கரிமத்தின் அளவு. கரிமப் பொருளில் 58 விழுக்காடு கரிமம் என்ற பழைய எடுகோளின்படி அதை 1.724ஆல் பெருக்கினால் மொத்தக் கரிமப் பொருள் கிடைக்கும்; பல மண்வகைகளுக்கு 2ஆல் பெருக்குவதே பொருத்தம் என்று பிற்கால ஆய்வுகள் சொல்கின்றன. ஓர் ஏக்கரின் மேல் அரையடி மண் ஏறத்தாழ ஒன்பது லட்சம் கிலோ எடை இருக்கும். அதில் 0.4 விழுக்காடு என்றால் 3,600 கிலோ கரிமம். இனி வரும் கணக்குகள் அனைத்துக்கும் இந்த 3,600 கிலோவே அடிப்படை.

எதனால் ஆனது

மண்ணுக்குள் வரும் கரிமம் முழுவதும் முதலில் காற்றிலிருந்த கரியமில வாயு. பயிர் அதை ஒளிச்சேர்க்கையால் சர்க்கரையாக்கி, அந்தச் சர்க்கரையைப் பல பொருள்களாகக் கட்டுகிறது. வைக்கோலிலும் தட்டையிலும் மிகுதியாக இருப்பது செல்லுலோஸ். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் கிளையில்லாமல் நீளமாகக் கோக்கப்பட்ட சங்கிலி அது. பலவகைச் சர்க்கரைகள் கலந்த, குட்டையான, கிளைவிட்ட சங்கிலி ஹெமிசெல்லுலோஸ். இவ்விரண்டையும் இறுக்கிப் பிடித்துத் தண்டுக்கு விறைப்புத் தருவது லிக்னின். மூன்று கரிம அணுக்கள் கொண்ட வால் ஒட்டிய பென்சீன் வளையமே அதன் அலகு. இந்த அலகுகள் ஒரே ஒழுங்கில் இணையாமல் பல விதமாகப் பின்னிக்கொள்வதால், ஒரே நொதியைக் கொண்டு அதை அவிழ்க்க நுண்ணுயிர்களால் முடிவதில்லை. அதைத் திறம்படச் சிதைப்பவை சில பூஞ்சைகளே. அவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும். நீர் தேங்கிய நெற்கழனியில் தாள் மட்கத் தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம். இவற்றோடு தழையில் புரதம், மெழுகு, டானின் ஆகியவையும் உள்ளன.

டானினைப் பற்றி இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலைப் பதப்படுத்திய பழைய தொட்டியில் நடந்ததேதான் டானின் மிகுந்த தழை மண்ணுக்குள் போனாலும் நடக்கிறது: டானின் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது, பற்றப்பட்ட புரதம் எளிதில் அழுகுவதில்லை. துவர்ப்பான தழைகள் பயிருக்குத் தழைச்சத்தை மெதுவாக விடுவிப்பதும், சணப்பை, தக்கைப்பூண்டு போன்ற இளந்தழைகள் சில வாரங்களிலேயே விட்டுவிடுவதும் இதனால்தான்.

மண்ணுக்கு வந்தபின் இவை என்னவாகின்றன என்பதில் அறிவியலின் கருத்து அண்மைக் காலத்தில் மாறியிருக்கிறது. 1786இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஆக்கார்டு, சதுப்பு மண்ணைக் காரக் கரைசலில் ஊறவைத்துக் கரும்பழுப்பான ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அந்த வழியிலேயே, காரத்தில் கரைந்து அமிலம் சேர்த்தால் படிவது ஹியூமிக் அமிலம், அமிலத்திலும் கரைந்தே இருப்பது ஃபல்விக் அமிலம், எதிலும் கரையாதது ஹியூமின் என்று வகுத்தார்கள். தாவரச் சிதைவுகள் மண்ணில் மறுபடியும் ஒன்றுகூடி, எளிதில் அழியாத ஒரு பெரிய, கருமையான மூலக்கூறாக உருவாகின்றன என்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதின. ஆனால் அத்தகைய மூலக்கூறை, காரத்தில் ஊறவைக்காத இயற்கையான மண்ணில் நுண்கருவிகளால் காண முடியவில்லை. காரமே அதை ஓரளவு உண்டாக்கிவிடுகிறது என்பதும், மண்ணில் இருப்பவை சிதைவின் பல படிகளில் உள்ள சாதாரணச் சர்க்கரைகள், புரதத் துண்டுகள், கொழுப்புகள், லிக்னின் துணுக்குகள் ஆகியவையே என்பதும் இன்று வலுத்துவரும் கருத்து. லேமன், கிளெபர் ஆகிய இரு மண்ணியலாளர்கள் 2015இல் இதைத் தெளிவாக முன்வைத்தார்கள்.

இது வெறும் ஆய்வுக்கூட வாதம் அன்று. கடைக்காரர் கையில் கொடுக்கும் ஹியூமிக் குப்பியை மதிப்பிட இது உதவும். பெரும்பாலும் பழுப்பு நிலக்கரியிலிருந்து காரத்தால் எடுக்கப்படும் அக்கரைசல், 12 விழுக்காடு செறிவுள்ளது என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டரில் 120 கிராம் பொருள்தான் உண்டு. வேர்வளர்ச்சிக்கு அது ஓரளவு துணைசெய்யலாம். 3,600 கிலோ இருக்கும் இடத்தில் 120 கிராமைச் சேர்த்து மண்ணின் கரிமத்தை உயர்த்தலாம் என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை.

பிறகு, நிலைத்து நிற்பது எது? பெருமளவு, நுண்ணுயிர்களின் சடலங்கள். பாக்டீரியாவும் பூஞ்சையும் தழையைத் தின்று, தம் உடலைக் கட்டி, செத்து, செல்சுவரையும் புரதத்தையும் மண்ணில் விட்டுச் செல்கின்றன. பூஞ்சையின் செல்சுவரில் உள்ள கைட்டின் இவற்றுள் ஒன்று. நுண்ணுயிர் உடலில் எட்டுப் பங்கு கரிமத்துக்கு ஏறத்தாழ ஒரு பங்கு தழைச்சத்து உண்டு. வைக்கோலின் கரிம–தழைச்சத்து விகிதம் 60, 70 என்று இருக்க, உலகில் எந்தப் பயிர் நிலத்தை எடுத்தாலும் மட்கின் விகிதம் 10க்கும் 12க்கும் அருகிலேயே இருப்பதற்குக் காரணம் இதுவே.

எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது

சர்க்கரையும் புரதமும் நுண்ணுயிர்களுக்கு நல்ல உணவு. அவை பல ஆண்டுகள், சில வேளைகளில் நூற்றாண்டுகள், தின்னப்படாமல் இருப்பதற்குக் காரணம் களித்துகள்கள். கரிமப் பொருளின் கார்பாக்சில், ஃபீனால் தொகுதிகள் களியின் மேற்பரப்பிலும் இரும்பு ஆக்சைடுகளின் மேலும் பிணைந்துகொள்கின்றன. நொதி அங்கே எட்டுவதில்லை. நம் செம்மண்ணின் நிறத்துக்குக் காரணமான இரும்பு ஆக்சைடு இவ்வகையில் நமக்குச் சாதகம். பாதகம், அதன் களி பெரும்பாலும் கயோலினைட் என்பதும், மேட்டுக் கொல்லைகளில் அந்தக் களியே குறைவாக இருப்பதும். கயோலினைட் தானாகப் பிடித்துவைக்கும் பொட்டாசியம், கால்சியம் முதலிய சத்துகளின் அளவு சொற்பம். எடைக்கு எடை பார்த்தால் கரிமப் பொருள் அதைப்போலப் பல மடங்கு பிடிக்கும். ஆகவே கரிமம் 0.1 விழுக்காடு கூடினால் கரிசலில் தெரியும் மாற்றத்தைவிடச் செம்மண்ணில் தெரியும் மாற்றம் பெரிது.

கரிமப் பொருளை இரண்டு கூறாகப் பார்ப்பது வேலைக்கு வசதி. ஒன்று, களியோடு பிணைந்தது. மற்றொன்று, இன்னும் துணுக்காகவே கிடக்கும் வேர், சருகுத் துண்டுகள். இது விரைவில் வரும், விரைவில் போகும். கொல்லையில் எது குறை என்பதை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். அகன்ற வாயுள்ள கண்ணாடிக் குப்பியில் மூன்றில் ஒரு பங்கு உலர்ந்த மண்ணை இட்டு, நீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி அசையாமல் வைக்க வேண்டும். மணல் ஓரிரு நிமிடத்தில் படியும், வண்டல் சில மணி நேரத்தில் படியும், களி நாள்கணக்கில் கலங்கலாக நின்று மேலே மெல்லிய படலமாக இறங்கும். மிதப்பவை துணுக்குகள். மிதப்பது குறைவாகவும் களிப்படலம் கனமாகவும் இருந்தால் தழையும் எருவும் போதும். களிப்படலமே கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக இருந்தால், எரு மட்டும் போட்டுப் பயனில்லை. எரு பற்றிக்கொள்ள இடமில்லை.

பெருக்கும் வேலை

களி குறைந்த கொல்லைக்கு, களி மிகுந்த ஏரி வண்டலைப் போல வேறு மருந்தில்லை. ஏரிகள் நிறைந்த வட ஆற்காட்டில் கோடையில் வண்டல் அடிப்பது புதிதன்று. இன்று அதற்கு வட்டாட்சியரிடம் முறையாக அனுமதி பெற வேண்டும். ஏக்கருக்கு 40 டன், அதில் 40 விழுக்காடு களி என்று கொண்டால், பத்து விழுக்காடு களியுள்ள மேல்மண் 11.3 விழுக்காட்டுக்கு வரும். சிறிய மாற்றம்தான், ஆனால் ஒருமுறை செய்தால் மழையில் அரிபடாத வரை நிற்கும். கழிவுநீர் கலந்த ஏரி என்றால், உப்பும் குரோமியமும் பார்க்காமல் ஒரு வண்டிகூட அடிக்கக் கூடாது.

அடுத்தது வேர். நிலைத்த கரிமமாக மாறுவதில், மேலே இடும் தழையைவிட மண்ணுக்குள்ளேயே வளர்ந்து சாகும் வேரும் அது கசியவிடும் சர்க்கரையும் எடைக்கு எடை அதிகப் பங்கு பெறுகின்றன. அவை நேராகக் களியின் அருகிலேயே நுண்ணுயிர்க்கு உணவாகின்றன. இங்கேதான் மல்லாட்டை (வேர்க்கடலை) நம்மை ஏமாற்றுகிறது. காற்றிலிருந்து தழைச்சத்தை எடுக்கும் பயிர் என்று நாம் அதைப் பெருமையாகச் சொல்லலாம். ஆனால் அறுவடையில் வேரோடு பிடுங்கி, காயை ஆய்ந்துகொண்டு, கொடியை மாட்டுக்குப் போட்டுவிடுகிறோம். உதிர்ந்த இலையும் அறுந்த வேரும் தவிர நிலத்துக்கு எதுவும் திரும்புவதில்லை. அந்தக் கொடியைத் தின்ற மாட்டின் சாணமும் கோமியமும் அதே கொல்லைக்கு வருகின்றனவா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மல்லாட்டையோடு துவரையை ஊடுபயிராக இடுவது இதனால் மிக நல்ல பழக்கம்: அதன் வேர் ஆழமாகப் போகும், இலை உதிரும், அறுத்தபின் வேர் மண்ணிலேயே கிடக்கும். கேழ்வரகைப் பயிர்ச் சுழற்சியில் கொண்டுவருவதும் அவ்வாறே. அதன் நார்வேர்க் கொத்து மேல்மண்ணை மணிமணியாகக் கட்டும்.

பாசனமுள்ள கழனியில் நெல்லுக்கு முன் தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாளில், பூ எடுக்கும் தறுவாயில் மடக்கி உழலாம். அதைத் தாண்டினால் தண்டில் லிக்னின் கூடிவிடும். இதில் ஒன்றை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும்: பசுந்தாள் உரம் தழைச்சத்துக்கு மிகச் சிறந்தது, கரிமத்தைப் பெருக்கும் வேகத்தில் அவ்வளவு சிறந்ததன்று, இளந்தழையின் பெரும்பகுதி ஓரிரு மாதத்தில் கரியமில வாயுவாகக் காற்றுக்குத் திரும்பிவிடும். ஆயினும் வைக்கோல், சோகை போன்ற முரட்டுப் பொருளோடு சேர்த்தால் அதன் அருமை தெரியும். கணக்கைப் பாருங்கள். ஆயிரம் கிலோ வைக்கோலில் 400 கிலோ கரிமமும் 6 கிலோ தழைச்சத்தும் இருக்கின்றன. நுண்ணுயிர்கள் கரிமத்தில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 133 கிலோவை, உடலாக்கிக்கொள்ள ஏறத்தாழ 17 கிலோ தழைச்சத்து வேண்டும். குறையும் 11 கிலோவை அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், பயிர் வெளுக்கும். அந்த 11 கிலோ என்பது 24 கிலோ யூரியா, அல்லது அதற்கு ஈடான தக்கைப்பூண்டு, கொழிஞ்சி, கிளைரிசிடியா தழை. முழுவதும் ஒரே வேளையில் தேவைப்படாது என்பதால் நடைமுறையில் இதில் பாதியே போதுமானதாக இருக்கலாம். சோகைக்கு விகிதம் இன்னும் அகலம். ஆனாலும் கொளுத்துவதற்கு அது காரணமாகாது. கொளுத்தினால் கரிமத்தோடு தழைச்சத்தும் கந்தகமும் புகையாகப் போகும். வரிசை விட்டு வரிசை மூடாக்காகப் பரப்பிச் சாணிக்கரைசல் தெளித்துவிடுவதே முறை. குடியாத்தம் பக்கத்துத் தென்னைக்காரர்களிடம் கிடைக்கும் நார்க்கழிவு, லிக்னின் மிகுந்தது, விகிதம் 100க்கு மேல். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து மட்க வைக்காமல் அதைக் கொல்லையில் கொட்டக் கூடாது.

எருக்குழியைப் பற்றிச் சுருக்கமாக: வெயிலும் மழையும் படாத நிழல், பிழிந்தால் சொட்டாத ஈரம், மேலே ஒரு பூச்சு மண். கொல்லையில் குவித்த எருவை வாரக்கணக்கில் காயவிடாமல், இறைத்த அன்றே உழுதுவிட வேண்டும்.

இழப்பைக் குறைப்பது

வேலூரின் சித்திரை வெயில் பேர்பெற்றது. 40 டிகிரியைத் தாண்டும் நாள்கள் பல. வெப்பம் பத்து டிகிரி கூடினால், ஈரம் இருக்கும் வரை, சிதைவின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். காய்ந்து கிடந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் ஒரேயடியாக விழித்து, ஓரிரு நாளில் பெருமளவு கரிமத்தை எரிக்கும். கோடை உழவு மழைநீரைப் பிடிக்கிறது என்பதால் சரிவான கொல்லைக்கு ஒருமுறை உழுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரோட்டவேட்டரை இரண்டு மூன்று சால் ஓட்டி மண்ணை மாவாக்குவது வேறு: மண்மணிகளுக்குள் பொதிந்து காக்கப்பட்ட கரிமம் அப்போது காற்றுக்கும் நுண்ணுயிர்க்கும் திறந்துவிடப்படுகிறது. சட்டிக்கலப்பையோ கொக்கிக்கலப்பையோ ஒருமுறை போதும். பிறகு நிலத்தின் மேல் ஏதாவது ஒரு போர்வை வேண்டும், அது சருகானாலும் சரி, நரிப்பயறானாலும் சரி.

எவ்வளவு காலத்தில் எண் நகரும்? ஐந்து டன் தொழு உரத்தில் பாதி நீர் என்றால், மீதியில் 750 கிலோ அளவுக்குக் கரிமம் உண்டு. அதில் நான்கில் ஒரு பங்கு நிலைக்கிறது என்று கொண்டால் 190 கிலோ. அதே ஆண்டில் மண்ணிலுள்ள 3,600 கிலோவில் 2 விழுக்காடு, அதாவது 72 கிலோ, சிதைந்து போகிறது. அது விடுவிக்கும் 6 கிலோ தழைச்சத்து பயிருக்குக் கிடைக்கும். நிகரமாகச் சேர்வது 120 கிலோவுக்குள்தான். அட்டையில் 0.1 விழுக்காடு உயர 900 கிலோ சேர வேண்டும். ஆக, ஆண்டு தவறாமல் எரு இட்டாலும் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆகும்; துவரை, வண்டல், மூடாக்கு, குறைந்த உழவு ஆகியவை சேர்ந்தால் அது குறையும். அந்த 900 கிலோவோடு 75 கிலோ தழைச்சத்தும் மண்ணில் கட்டுண்டு நிற்கும் என்பதால், பயறுவகைப் பயிர் இல்லாத சுழற்சியில் இக்கணக்கு நிறைவேறாது.

ஆகவே ஆண்டுதோறும் மண்ணைச் சோதித்து மனம் சோர வேண்டாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, அதே மாதத்தில், அதே ஆழத்தில், முடிந்தால் அதே ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். 0.42 என்பது 0.44 ஆனதையோ 0.40 ஆனதையோ பொருட்படுத்த வேண்டியதில்லை. ஒரே மாதிரியை இருமுறை ஆய்ந்தாலும் அந்த அளவு வேறுபாடு வரக்கூடும். இடைப்பட்ட ஆண்டுகளில் குப்பிச் சோதனையும், ஒரு காய்ந்த மண்கட்டியை நீருள்ள தட்டில் வைத்து, அது உடனே கரைந்து உதிர்கிறதா, சற்று நேரம் உருக்குலையாமல் நிற்கிறதா என்று பார்ப்பதும் போதும். வரப்போரத்தில் உழப்படாமல் புல் மூடிக் கிடக்கும் மண்ணின் கட்டி ஒன்றையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தால், அதே மண் எட்டக்கூடிய நிலை எது என்பது தெரிந்துவிடும்.